பழைய நேரம் எட்டரை

"அவட படம் ஒண்டு இரிக்கும்தானே? எடுங்க, நான் பார்க்கவேணும்."

இதை மட்டும் கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் கேதீஸ்வரியை அனுப்பியிருந்தார்கள். கல்யாணம் பேசிய பெரியம்மா சீதேவிப்பிள்ளை, கட்டுநாயக்க விமான நிலைய வாசலில் பெட்டியைத் தள்ளிக்கொண்டே நாலு தரம் சொன்னார். "எதையும் கேளு மகள். குடிக்கிறவனா எண்டு கேளு, எத்தின மணிக்கு வீட்ட வருவாய் எண்டு கேளு. முதல்காரிட படத்தை மட்டும் கேக்காத. செத்தவட முகத்தை நீ பார்த்தா, அது உன்னையும் பார்க்கும்."

"பார்க்கட்டுமே பெரியம்மா. அவட புருசனைத்தானே நானும் கட்டியிரிக்கன்."

"இந்த வாய்தான் உனக்கு எமன்."

அந்த வாய் முதல் நாளே, முதல் தேத்தண்ணி ஆறுவதற்குள் கேட்டுவிட்டது.

நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். இதில் கூட்டியது ஒன்றும் இல்லை. திகதி 2009 டிசம்பர் 26, சனிக்கிழமை. ஊர் ஒஸ்லோ. நேரமெல்லாம் நிமிடம் பிசகாமல் இருக்கிறது, ஏனென்றால் கேதீஸ்வரி அன்று முழுக்க மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பேய் பிசாசு என்று நடுங்குகிற பெண்ணும் இல்லை அவள். வவுணதீவில் அடுத்தவன் வயல்வட்டையில் வெள்ளாமை வெட்டுகிற மனிதனின் மகள். அந்தக் குடும்பத்தில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். பட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை கேட்டு அரசாங்கக் கச்சேரி அலுவலகத்துக்கு முன்னால் பதினோரு நாள் வெயிலில் குந்தியிருந்தவள். பொலிஸ்காரன் "எழும்பு" என்றபோது "எந்தச் சட்டத்தில?" என்று கேட்டவள். வேலை வரவில்லை. வெளிநாட்டு மாப்பிள்ளை வந்தான்.

மாப்பிள்ளை ஜெயந்தன். கதிரவெளி ஆள். பதினொரு வருடமாக நோர்வேயில். முதல் மனைவி புஸ்பம் 2004 சுனாமியில் கதிரவெளிக் கரையில் போய்விட்டாள் என்றார்கள். மரணச் சான்றிதழையும் காட்டினார்கள். உடல் கிடைக்கவில்லையாம். அந்த வருடம் எத்தனை பேருக்குத்தான் கிடைத்தது? யாரும் மேலே கேட்கவில்லை.

அவள் படத்தைக் கேட்டபோது ஒஸ்லோவில் காலை 8.10. வெளியே கும்மிருட்டு. அவள் கையில் மணிக்கூடு பகல் 12.40 காட்டியது. அது ஊர் நேரம். கல்யாணம் முடிந்து நாலு மாதம் விசாவுக்குக் காத்திருந்து, முந்தின இரவுதான் இரண்டு விமானம் மாறி வந்து இறங்கியிருந்தாள். தலை மட்டக்களப்பில் இருந்தது, கால் ஒஸ்லோவில் இருந்தது.

"இண்டைக்கு வேணாம்," என்றான் ஜெயந்தன்.

"ஏன் இண்டைக்கு?"

"இண்டைக்கு இருவத்தாறு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அலை வந்து ஐந்து வருடம். மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் அவன் முகத்தில் துக்கம் இல்லை. துக்கம் அவளுக்குத் தெரியும், அந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தரத் தேவையில்லை. இது வேறு. இது பயம்.

"வெளிக்கிடு புள்ள, ஊரைச் சுத்திப் பார்ப்பம்."

"நித்திரை கண்ணைக் கட்டுது மச்சான்."

"ஜெட் லாக். வீட்டுக்குள்ள கிடந்தா கூடும். அஞ்சு மணி மட்டும் வெளியால திரிவம்."

"ஏன் அஞ்சு?"

"சும்மா."

பகல் சாப்பாடு முடிய, அலுமாரியில் இருந்து ஒரு குளிர்க் கோட்டு எடுத்துக் கொடுத்தான். மரூன் நிறம். கடை அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. புஸ்பத்துக்கு விசா வந்த நேரம் வாங்கி வைத்ததாம், 2004 நவம்பரில். ஒருவரும் போட்டதில்லையாம்.

கோட்டைப் போட்டுக்கொண்டு திரும்பும்போது சுவரின் அடியில் ஒரு தொலைபேசி வயரைக் கண்டாள். வயர் இருந்தது. போன் இல்லை. நுனி, கத்தியால் அறுத்த கயிறு போலச் சிலும்பி நின்றது.

ஒஸ்லோ நேரம் பகல் 12.50க்கு வெளிக்கிட்டார்கள்.

நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள். ஒரு கடை திறந்திருக்கவில்லை. ஒரு குழந்தைச் சத்தம் இல்லை. ஊரடங்குச் சட்டம் போட்ட மட்டக்களப்பு போல இருந்தது. ஆனால் ஊரடங்கிலும் நம்முடைய ஊரில் நாய் குரைக்கும். இங்கே அதுவும் இல்லை. பனி, பதர் தூற்றியது போலச் சரிந்து விழுந்தது. மைனஸ் பதினொன்று என்று ஒரு கட்டடத்தின் நெற்றியில் எழுதியிருந்தது.

"மணிக்கூட்டை மாத்து," என்றான் ஜெயந்தன். "நாலரை மணித்தியாலம் பின்னுக்கு வை."

"மாத்த மாட்டன். மணிக்கூட்டால பட்டது காணும்."

பட்டதுதான். 1996இல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னால் தள்ளியது. வாவிக்கு மேற்கே, கதிரவெளியில், வன்னியில், ஆயுதம் தூக்கிய இயக்கம் வைத்திருந்த பக்கமெல்லாம் தள்ளவில்லை. கடைசியில் அரை மணி வித்தியாசம் நிலைத்துவிட்டது. வவுணதீவுச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் எட்டு மணி என்றால், அந்தப் பக்கம் எட்டரை. இதைப் பழைய நேரம் என்றார்கள், அதைப் புது நேரம் என்றார்கள். அரசாங்கத்தின் சாதாரண தரக் கணிதப் பரீட்சை புது நேரம் எட்டரைக்கு. அவளுடைய அப்பா வீட்டு மணிக்கூட்டை நம்பி, பழைய நேரம் எட்டரைக்குக் கொண்டுபோய் இறக்கினார். வினாத்தாளில் அரை மணி போயிருந்தது. அதற்குப் பிறகு யார் நேரம் சொன்னாலும் முதலில் அந்த ஒரு கேள்விதான் வாயில் வரும்: பழைய நேரமா, புது நேரமா?

2006 சித்திரையில் அரசாங்கமே பழைய நேரத்துக்குத் திரும்பி வந்தது. கேள்வி செத்துப்போனது.

"அதைக் கடைசியாக் கேட்டது ஆர் தெரியுமா?" என்றாள் கேதீஸ்வரி, குளிரில் பல் கிட்டக் கிட்ட. "எங்கட கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு. ஓகஸ்ட் பதினாறு. ஒரு மனுசி எங்கட வாசல் கடப்படியில வந்து நிண்டா. தலையில துவாய்த் துண்டு. தண்ணி கேட்டா, செம்பில குடுத்தன். பிறகு நேரம் கேட்டா. சொன்னன். 'பழைய நேரமா, புது நேரமா' எண்டு கேட்டா. பாவம், மூளை குழம்பின மனுசி போல. பெரியம்மா ஓடிவந்து துரத்திப்போட்டா."

ஜெயந்தன் நடப்பதை நிறுத்திவிட்டான்.

"எப்பிடி ஆள்?"

"மெலிஞ்ச ஆள். ஏன்?"

"சும்மா."

சிகரெட்டைப் பற்ற வைக்க ஐந்து குச்சி பிடித்தது. காற்று இல்லை.

2.50க்குக் கடற்கரைக்கு வந்தார்கள். கரையோரம் தண்ணீர் உறைந்து கிடந்தது. அதற்கு அப்பால் கறுத்த தண்ணீர், மேலே ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மட்டக்களப்பு வாவியை நினைத்துக்கொண்டு அவள் கம்பியில் சாய்ந்து பார்த்தாள். ஜெயந்தன் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"இஞ்சால திரும்பிப் பாருங்களன்."

"பார்த்தது காணும்."

கை விறைத்தது. கோட்டுப் பைக்குள் விட்டாள்.

உள்ளே ஏதோ ஈரம்.

எடுத்துப் பார்த்தாள். மணல். நனைந்த மணலும் கறுத்த சேறும். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். உப்பு... கண்டல் மர வேர்ச் சேற்றின் அழுகல் மணம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள், இது வாவித் தண்ணீர் மணம்.

"மச்சான், இந்தக் கோட்டு சிலோனுக்கு வந்ததா?"

"எப்பிடி வரும்? அலுமாரியை விட்டு இண்டைக்குத்தான் இறங்கினது."

அவள் மணலைக் கீழே தட்டினாள். விரலை உதறினாள். நித்திரைக் குறைவு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

3.15க்குச் சூரியன் போய்விட்டது. பட்டப்பகல் மூன்றேகாலுக்கு இரவு.

"வீட்ட போவம்."

"அஞ்சு மணிக்குப் போவம் புள்ள."

"எனக்குக் கால் விறைக்குது! அஞ்சு மணிக்கு என்ன, நல்ல நேரமா பார்த்து வைச்சிரிக்கீங்க?"

அவன் நேரத்தைப் பார்த்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினான். டிராம் தரிப்பிடத்துக்கு வந்தார்கள். ரிக்கெற் எடுக்கிற இயந்திரம் பாதைக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. அவன் பாதையைக் கடந்து போனான். அவள் அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்தாள்.

நேரம் 3.40. அவள் மணிக்கூட்டில் இரவு 8.10.

"தங்கச்சி... நேரம் என்ன?"

தமிழ். அதுவும் மட்டக்களப்புத் தமிழ். கேதீஸ்வரிக்கு முதலில் சந்தோசம்தான் வந்தது. வாங்கின் மற்ற நுனியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்தாள்? தலையில் துவாய். இடது புருவத்தின் நடுவே ஒரு பழைய வெட்டு. நித்திரை அமத்திய கண்ணுக்கு அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. குனிந்து மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"எட்டு பத்து."

"பழைய நேரமா? புது நேரமா?"

வாய் தானாகவே சொன்னது.

"பழைய நேரம்."

"அப்ப இன்னும் இருவது நிமிசம் இரிக்கு."

சொட்... சொட்... சொட்...

கேதீஸ்வரி அப்போதுதான் கீழே பார்த்தாள். அந்தப் பெண்ணின் பாவாடை விளிம்பில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மைனஸ் பதினொன்று. தண்ணீர் உறையவில்லை. கால்களில் செருப்பு இல்லை. வலது கால் வெறுங்கால். இடது காலில் ஒரு சேலைத் துண்டு, பச்சைக் கரை, இறுக்கிக் கட்டியிருந்தது.

துவாய் நழுவியது.

நீளத் தலைமயிர் இல்லை. கழுத்துக்கு மேலே, கன்னா பின்னா என்று கத்தரித்த மயிர். அந்த வெட்டு எங்கே வெட்டுகிற வெட்டு என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. இயக்கம் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளுக்கு முதல் நாள் வெட்டுகிற வெட்டு.

"ஆரோட கதைக்கிறாய்?"

ஜெயந்தன் பின்னால் நின்றான்.

திரும்பினாள். மறுபடி பார்த்தாள். வாங்கு வெறுமை. வாங்கின் அடியில் ஒரு குட்டை தண்ணீர்.

"நேரம் கேட்டவ..." என்றாள் கேதீஸ்வரி. "அதே மனுசி. கடப்படியில நிண்டவ."

அவன் அந்தத் தண்ணீரைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை?

டிராமில் ஏறினார்கள். ஆளே இல்லை. அவர்களுக்குப் பின் இருக்கையில்...

சொட்... சொட்...

அவள் திரும்பவில்லை. அவனும் திரும்பவில்லை.

3.56. வீட்டு வாசல். சாவி துவாரத்துக்குள் போகவில்லை.

"அஞ்சு மணிக்கு வந்திருக்கலாம்," என்றான். "சொன்னனே. அஞ்சு மணிக்கு எண்டு சொன்னனே."

3.58. உள்ளே வந்தார்கள். விளக்கைப் போட்டாள்.

3.59.

4.00.

ட்ரீங்... ட்ரீங்...

போன் அடித்தது.

பழைய காலத்து வீட்டுப் போன் அடிக்கிற சத்தம். சுவர்ப் பக்கமிருந்து வந்தது. அந்த வயர் இருந்த பக்கம்.

ட்ரீங்... ட்ரீங்...

அவள் ஒரு அடி வைத்தாள்.

"எடுக்காத!"

கத்தியவன் ஜெயந்தன். கதவோடு ஒட்டி நின்றான். முகத்தில் இரத்தம் இல்லை.

கேதீஸ்வரி சுவரைப் பார்த்தாள். அறுந்த வயர். அதன் நுனியில் ஒன்றுமே இல்லை.

"எதை எடுக்காம விடச் சொல்றீங்க?"

அவன் காதைப் பொத்திக்கொண்டான்.

ட்ரீங்... ட்ரீங்...

"உங்களுக்கும் கேக்குது."

ட்ரீங்...

"உங்களுக்கும் கேக்குதுதானே!"

பன்னிரண்டு தரம் அடித்தது. எண்ணினாள்.

நின்றது.

வயர் நுனியில் இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் நிலத்தில் விழுந்தது.

அதற்குப் பிறகு அவள் செய்தது என்ன தெரியுமா? அலறவில்லை. மயங்கி விழவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அவனுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பயம் இருந்தது, முழங்கால் வரைக்கும் இருந்தது. அதற்கு மேலே கோபம் இருந்தது.

"எப்ப இருந்து?"

"...வைகாசியில இருந்து. சனிக்கிழமையில மட்டும். இப்ப நாலு மணிக்கு, கோடையில அஞ்சு மணிக்கு. அந்த நேரம் வீட்டில இரிக்க மாட்டன்."

"படத்தை எடுங்க."

இந்தத் தரம் எடுத்தான். முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தான். கல்யாணப் படம். இடுப்புக்குக் கீழே தொங்குகிற பின்னல், தலை நிறையப் பூ. சிரிக்கிற முகம். இடது புருவத்தின் நடுவே ஒரு வெட்டு.

"அலையில அவ சாகல்ல," என்றாள் கேதீஸ்வரி. கேள்வியாகக் கேட்கவில்லை.

"இல்ல."

"சொல்லுங்க."

துண்டு துண்டாகச் சொன்னான். அலை புஸ்பத்தை அடித்துக்கொண்டுபோய்க் கண்டல் பற்றைக்குள் போட்டது. பிழைத்தாள். அகதி முகாமில் இருந்தாள். அங்கேயிருந்து இயக்கம் கூட்டிக்கொண்டு வன்னிக்குப் போய்விட்டது. இது ஒன்றும் அவனுக்குத் தெரியாது. காணாமல் போனவள் செத்தவள் என்று 2005 ஆனியில் சான்றிதழ் எடுத்துவிட்டான். புரட்டாதியில் போன் வந்தது. புஸ்பம் பேசினாள்.

"சான்றிதழைத் திருப்பிக் குடுத்தீங்களா?"

"எப்பிடிக் குடுக்கிற? எல்லாரும் துக்கம் விசாரிச்சு முடிஞ்சுது புள்ள. முப்பத்தொண்டாம் நாள் சடங்கும் செய்து முடிஞ்சுது. அவ அங்க இருந்து வர ஏலாது, நான் இஞ்ச இருந்து போக ஏலாது."

"பிறகு?"

"சனிக்கிழமை எட்டரைக்கு எடுப்பா. பழைய நேரம் எட்டரை. ஒரே கதைதான். 'புருசன் நோர்வேயில இரிக்கார், விசா இரிக்கு எண்டு ஒரு கடிதம் எழுதுங்க. அதைக் காட்டினா என்னை விடுவாங்களாம்.' ஒரே அழுகை."

"எழுதினீங்களா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். உண்மையாகவே விளங்காத முகம்.

"செத்தவளுக்கு எப்பிடி எழுதுற?"

கேதீஸ்வரி முடிவு எடுத்தது அந்த இடத்தில்தான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சாமான் எடுத்து வைக்கிற வேலை.

"வயரை எப்ப வெட்டின நீங்க?"

"ரெண்டாயிரத்து ஏழு."

யுத்தம் முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அந்த இரண்டு வருடமும் அங்கே ஒருத்தி, இல்லாத போனுக்கு அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

4.25க்கு அவன் கைத்தொலைபேசியை வாங்கி ஊருக்கு அழைத்தாள். அங்கே 8.55. மாரி மழை தகரத்தில் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"பெரியம்மா, ஓகஸ்டில கடப்படிக்கு வந்தவ ஆர்?"

அங்கே ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம்.

"படத்தைக் கேட்டிட்டியா?"

"ஆர் எண்டு கேக்கிறன்."

"...அவதான் மகள். புஸ்பம். கதிரவெளிக் கல்யாணத்துக்குப் போனநான், எனக்குத் தெரியாதா? உயிரோட வந்து நிக்கிறா! பந்தல் போட ஒரு கிழமை. நான் என்னத்தச் செய்ய? 'அவர் இஞ்ச இல்ல, போ' எண்டு துரத்திப்போட்டன். உன்ட நல்லதுக்குத்தான்..."

"என்ட நல்லதுக்கு?"

"பட்டம் எடுத்துப்போட்டு ரோட்டில குந்தியிருந்த நீ. ஒரு நல்ல இடம் வருது. விடச் சொல்றியா?"

"வந்தவ உயிரோட இருந்தவவா பெரியம்மா?"

"இதென்ன கேள்வி புள்ள? தண்ணி வாங்கிக் குடிச்சா. நீதானே குடுத்தாய்!"

அவள் போனை வைத்தாள். "அவ உயிரோட இரிக்கிறா," என்றாள் ஜெயந்தனிடம். "ஓகஸ்டில என்ட வாசலுக்கு வந்தவ. உயிரோட இரிக்கிறவட இடத்தில என்னைக் கொண்டுவந்து வைச்சிரிக்கீங்க."

"இல்ல! அதில மட்டும் நான் பொய் சொல்லல்ல. சத்தியமா. உன்னைக் கட்டேக்க அவ இல்ல. அது தெரிஞ்ச பிறகுதான் உன்னைக் கட்டவே வந்தன். இந்தா... பாரு. நீயே பாரு."

மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடிதத்தை நீட்டினான். தப்பிக்கிறவன் கயிற்றைப் பிடிப்பது போல அதைப் பிடித்திருந்தான்.

செட்டிகுளம் அகதி முகாமில் இருந்து வந்த கடிதம். ஆனி மாதம் எழுதியது. கொப்பித் தாள். எழுதியவள் கதிரவெளிப் பெண் ஒருத்தி, கடைசி வரை புஸ்பத்தோடு நின்றவள்.

"...அண்ணைக்கு அறியத் தருவது. புஸ்பம் அக்கா மே 16 சனிக்கிழமை நந்திக்கடல் தண்ணிக்குள்ளால வரும்போது எங்கட கண்ணுக்கு முன்னால தாண்டு மூழ்கிப் போயிற்றா. இடது காலில காயம். என்ட பச்சைக் கரைச் சேலையைக் கிழிச்சுக் கட்டிவிட்டநான். நடக்க ஏலாம இருந்தவ. கடைசி மட்டும் எல்லாரிட்டயும் நேரம் கேட்டுக்கொண்டே வந்தவ. எட்டரைக்கு உங்களுக்குக் கோல் எடுக்கவேணுமாம்..."

கேதீஸ்வரி ஒரு வரியை இரண்டாம் தரம் படித்தாள்.

மே 16.

விரலை மடக்கினாள். ஜூன். ஜூலை. ஓகஸ்ட்.

ஓகஸ்ட் 16.

சரியாக மூன்று மாதம்.

அந்தச் செம்பு ஞாபகம் வந்தது. பெரியம்மா துரத்திய பிறகு கடப்படியில் இருந்து எடுத்த செம்பு. கொடுத்தபடியே விளிம்பு வரைக்கும் தண்ணீர் நின்றது. அதை அவள் ரோசாச் செடிக்கு ஊற்றினாள். மூன்றாம் நாள் செடி கருகிப்போனது. உப்புத் தண்ணி யார் ஊத்தினது என்று அப்பா சத்தம் போட்டார்.

கடிதத்தை மடித்தாள்.

"பார்த்தியா?" என்றான் ஜெயந்தன். குரலில் ஒரு நிம்மதி. "நான் பொய் சொல்லல்லத்தானே?"

"சான்றிதழையும் தாங்க."

"அது எதுக்கு?"

"திகதி பிழை. ஊரில குடுத்துத் திருத்தவேணும்."

லாச்சிக்குள் அவளே கை விட்டு எடுத்தாள். இறந்த திகதி 26.12.2004 என்று நீல மையில், அழகான எழுத்தில் இருந்தது. சான்றிதழ், கடிதம், படம், அவளுடைய கடவுச்சீட்டு. நான்கையும் கோட்டின் உள்பைக்குள் வைத்தாள். பெட்டியை இன்னும் பிரிக்கவே இல்லை. அது வசதியாகப் போயிற்று.

"கோட்டைக் கழட்டிப்போட்டுப் போ," என்றான் அவன். கோபத்தில் வந்த வார்த்தை.

"இது உங்கட இல்ல."

"புள்ள, விசரா உனக்கு? திரும்பிப் போனா ஊர் காறித் துப்பும். வெளியால இருட்டு. இஞ்ச உனக்கு ஆரைத் தெரியும்?"

கதவைத் திறந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது. படிக்கட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேல் படியில் இருந்து கீழ்ப் படி வரைக்கும் ஈரம். வலது கால், ஐந்து விரலும் தெளிவாக. இடது கால், துணி கட்டிய கால், ஒரு இழுவை மட்டும். தடங்கள் மேலே ஏறி வரவில்லை. இறங்கிப் போய்க்கொண்டிருந்தன.

"ஒராளைத் தெரியும்," என்றாள்.

இறங்கினாள். அவள் மணிக்கூட்டில் இரவு 9.25. பழைய நேரம்.

வாசலுக்கு வெளியே பனியில் அந்த வெறுங்கால்கள் நேராக ரயில் ஸ்ரேசன் பக்கம் போயிருந்தன. கேதீஸ்வரி பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள். தடத்தில் மிதிக்கவில்லை. பக்கத்தில் நடந்தாள்.